இராசமலர் அக்காவின் புது டயர்கள்

புது டயர் போட்டு மூன்றாம் நாள் அந்தப் பள்ளிக்கூட வான் மரத்தில் போய் அடித்தது. என் மகன் சஜீவன் அந்த வானுக்குள் இருந்தான். அவனுக்கு நெற்றியில் சின்னக் கீறல் மட்டும்தான். அதனால்தான் உட்கார்ந்து இதை எழுத என்னால் முடிகிறது.

ஆனால் நான் எழுத வந்தது என் மகனைப் பற்றி அல்ல. எங்கள் பக்கத்து வளவு இராசமலர் அக்காவைப் பற்றி. அந்த டயர்களைக் கொடுத்தவர் அவர்தான்.

அக்கா பிறந்தது வட்டக்கச்சியில். அவருடைய தகப்பன் வரணியிலிருந்து வந்தவர். இரணைமடுக் குளத்தை நம்பி இங்கே காணி கொடுத்த காலத்தில் வந்து, காடு வெட்டி வயலாக்கியவர்களில் ஒருவர். அக்கா வரணியில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஆனாலும் யார் கேட்டாலும் "எங்கட ஊர் வரணி" என்றுதான் சொல்லுவார். நான் சிரிப்பேன். அவர் கோபிப்பார். இப்படித்தான் எங்கள் அயல்.

அக்காவின் வீட்டுக்கு முதல் தடவை போகிறவர்கள் ஏதோ கடைக்குள் வந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். கதிரைகளில் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. அலுமாரிக் கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத்துண்டு அப்படியே இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த குடை ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதன் பிடியில் இன்னமும் பிளாஸ்ரிக். அக்காவோ மழைக்குள் உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடு கட்டப் போவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "குடை நனைஞ்சால் பழுதாப் போகுமோ அக்கா?" என்று கேட்டேன்.

"நீ சண்டைக்குள்ள இடம்பெயரேக்க என்னத்தைக் கொண்டு போனனீ?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"ஒரு சட்டியும் பள்ளிக்கூடப் பையும்."

"நான் ரெண்டு பழஞ்சீலையோட போனனான். கடைசியில அதுவும் இல்லை. இப்ப வீட்டில ஒரு புதுச் சாமான் கிடக்கெண்டு நினைச்சால்தான் எனக்கு நித்திரை வருது. கிடக்கட்டும், விடு."

அதற்குப் பிறகு அந்தக் குடையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. என்ன கதைக்க இருக்கிறது? என் வீட்டிலும் திறக்காத சாப்பாட்டுக் கோப்பைப் பெட்டி ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஏதோ ஒன்று இப்படிக் கிடக்கும். நல்ல நாளுக்கு, அவசரத்துக்கு, பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தது. பாவிக்காத சாமான் பழசாகாது என்று நாங்கள் எல்லோரும் மனதார நம்பினோம்.

டயர்களும் அப்படித்தான் வந்தன. அக்காவின் கணவர் சிவராசா வான் ஓட்டியவர். மீளக் குடியேறி, தகரக் கொட்டிலில் இருந்து, பிறகு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்த காலம் அது. கொழும்புக்கு ஒரு பயணம் போனபோது வானுக்கு நான்கு புது டயர்கள் வாங்கி வந்தார். "மாரி தொடங்க முன்னம் மாத்துவம்" என்று சொல்லி நெல் மூட்டை அறையில் அடுக்கினார். மாரி வருவதற்கு முன்னம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கண்டாவளையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, வானுக்குள்ளேயே சாய்ந்து கிடந்தாராம். நித்திரை என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை.

வானை மாங்குளத்து ஆள் ஒருவர் வாங்கினார். அறைக்குள் எட்டிப் பார்த்து டயர்களையும் கேட்டார். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "அதை மட்டும் கேக்காதேங்கோ" என்றார். அந்த ஆள் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வீடு கழுவினால் அக்கா டயர்களையும் துடைப்பார். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார். ஆயுத பூசைக்குச் சந்தனம் வைப்பார். கன்னங்கரேலென்று மினுங்கும். வீதியைப் பிடிக்க டயரில் விட்டிருக்கும் வெட்டுகளுக்குள் விரலை வைத்தால் நகம் மறையும், அவ்வளவு ஆழம். ஊரில் எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். அக்கா அசையவில்லை. "செத்த மனுசனுக்கு வான் ஓடவோ வைச்சிருக்கிறா?" என்று பின்னால் பேசியவர்களும் உண்டு. அது அக்காவின் காதுக்கும் எட்டியது. அப்போதும் கொடுக்கவில்லை.

கிருசாந்தன் அக்காவின் தமக்கையின் மகன். எங்கள் பிள்ளைகளைக் கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிற வான் அவனுடையது. நல்ல பெடியன்தான். ஆனால் அவனுடைய வானைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாட்டுப் பெட்டி புதுசு, முன் கண்ணாடியில் தொங்குகிற மாலை புதுசு, டயர் மட்டும் மொட்டை. கேட்டால் "அறுவடை முடியட்டும் அக்கா" என்பான். எந்த வருசத்து அறுவடை என்று சொல்ல மாட்டான்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தன்னுடைய டயரின் நிலை அவனுக்குத் தெரியும். மழை தூறினாலே மாட்டு வண்டி வேகத்தில்தான் போவான். பிள்ளைகள் முதல் மணி அடித்த பிறகுதான் போய் இறங்குவார்கள். நாங்கள் அவனைத் திட்டுவோம். பேசாமல் கேட்டுக்கொண்டு அடுத்த நாளும் அதே வேகத்தில் போவான்.

போன கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு பின்னேரம் பிள்ளைகளை இறக்க வந்த வான், அக்காவின் வாசல் படலைக்கு முன்னால் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் அப்படியே இழுபட்டு வேலியில் நட்டிருந்த கதியால் தடியில் போய்ச் சாய்ந்தது. வேகம் இல்லாததால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அக்கா உரச் சாக்குடன் வெளியே வந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி இறக்கினார். பிறகு குனிந்து பின் டயரைத் தடவிப் பார்த்தார். உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது.

"என்னடா இது?"

"மாத்தோணும் சின்னம்மா. அறுவடை முடிய..."

"வாயை மூடு" என்றார் அக்கா.

பொழுதுபட முன்னம் வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். நெல் அறையில் இருந்து முதல் டயரை உருட்டி முற்றத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

"அக்கா, உண்மையாவோ?"

"அந்தாள் இருந்தால் மாரிக்கு முன்னம் போட்டிருப்பர். நான் துடைச்சுத் துடைச்சு வைச்சு என்ன கண்டன்? பிள்ளையள் போற வான், கௌசலா. ஒரு கை பிடி."

இரண்டு பேரும் உருட்டினோம். கடைசி டயரை வெளியே எடுத்த பிறகு அந்த மூலை வெறுமையாக இருந்தது. அக்கா அங்கே கொஞ்ச நேரம் நின்றார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் கலங்கியது.

அடுத்த நாள் சந்தியில் டயர் பூட்டுகிற கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லுக்கட்டினார். டயர் வளைந்து கொடுக்கவில்லை. வளையத்தில் ஏற மாட்டேன் என்று நின்றது. "சரியான இறுக்கம்" என்று வியர்வையைத் துடைத்தார். "பழைய காலத்துச் சாமான் எல்லோ, அதுதான்" என்றான் கிருசாந்தன். சுற்றி நின்ற எல்லோருக்கும் சந்தோசம். ஒருவர் டயரைத் தட்டிப் பார்த்து, கல்லு மாதிரி என்று புகழ்ந்தார். இதை இப்போது நினைத்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பூட்டினோம்.

பிள்ளையார் கோவிலடியில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்குக் கீழே தேசிக்காய் நசித்துக் கிருசாந்தன் வானை எடுத்தான். பெற்றோர் பலரும் அக்காவிடம் வந்து நன்றி சொன்னார்கள். வீரையா ஒரு பூசணிக்காயைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். வீரையாவின் குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து கலவரத்துக்குப் பயந்து வந்து இங்கே குடியேறியது. குத்தகைக்கு வயல் செய்கிறவர். அவருடைய மகள் தனுஷாவும் அந்த வானில்தான் போகிறாள். சாரதிக்குப் பக்கத்து முன் சீற்றில் இருக்க அவளுக்கு ஆசை. மற்றப் பிள்ளைகளும் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"எங்க புள்ளைகளுக்காகக் குடுத்தீங்களேம்மா" என்றார் வீரையா. அக்கா வெட்கப்பட்டு, தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் வெயில். வான் வழுக்காமல் ஓடியது. மூன்றாம் நாள் விடியவே மழை.

கிருசாந்தன் மாட்டு வண்டி வேகத்தில் போகவில்லை. ஏன் போக வேண்டும்? நான்கும் புது டயர். வாய்க்கால் கரையோடு போகிற வளைவில் மாடுகள் படுத்திருந்தன. மாரியில் வயலும் மேய்ச்சல் தரவையும் தண்ணீராக இருக்கும். தார் வீதிதான் மாடுகளுக்குக் காய்ந்த இடம். இது ஒவ்வொரு வருசமும் நடப்பது. அவன் பிரேக்கை மிதித்தான். வான் நிற்கவில்லை. சவர்க்காரம் போட்ட சீமெந்து நிலத்தில் வாளி வழுக்குவது போலப் போனதாம். மாடுகளைத் தவிர்க்க வெட்டினான். வான் சுற்றிக்கொண்டு போய் இடப் பக்கம் மருதமரத்தில் அடித்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரை முட்டித் தண்ணீர்.

சத்தம் கேட்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. பிள்ளைகள் வீதியில் நனைந்துகொண்டு நின்று அழுதார்கள். சஜீவனின் முகத்தில் இரத்தம். அவனைப் பிடித்து உலுக்கி, கை காலைத் தடவி, அவன் "அம்மா, எனக்கு ஒண்டுமில்லை" என்று சொன்ன பிறகும் நான் நம்பவில்லை. பிறகுதான் முன் சீற்றைப் பார்த்தேன். கதவு உள்ளே நெளிந்து தனுஷாவின் காலை நசித்துக்கொண்டிருந்தது. அவள் கத்தவில்லை. கண்ணை மட்டும் அகலத் திறந்து எங்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னமும் என்னை விடவில்லை.

அலவாங்கு கொண்டுவந்து நெம்பிக் கதவைப் பிரித்தார்கள். அக்காவும் வந்துவிட்டார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனவர் அவர்தான். காலைக் காப்பாற்றினார்கள். மூன்று விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று பொழுதுபடுவதற்குள் ஊரில் ஒரு கதை உருவாகிவிட்டது. பழைய மொட்டை டயராக இருந்திருந்தால் வான் வாய்க்காலுக்குள்தான் போயிருக்கும். புது டயர் என்றபடியால் மரத்தோடு நின்றது. இராசமலர்தான் இத்தனை பிள்ளைகளையும் காப்பாற்றியவர். நானும் அதை நம்பினேன். நம்பாமல் வேறு எதை நினைப்பது?

அடுத்த நாள் வானைப் பொலிஸ் நிலைய வளவில் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்க வந்தார். அக்காவுக்குத் தன் டயர்களைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிருசாந்தன் முகம் வீங்கி ஒரு பக்கத்தில் நின்றான். பரிசோதகர் என் வயதுக்காரர், மரியாதையாகக் கதைத்தார். டயரின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அமத்தினார். நகம் பதியவில்லை. பிறகு ஒரு வெட்டை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். உள்ளே மெல்லிய வெடிப்புகள், வற்றிய குளத்துச் சேறு போல.

"இது யாற்ற டயர்?"

"என்ர" என்றார் அக்கா. "புதுசு தம்பி. ஒரு நாளும் பாவிக்கேல்லை."

அவர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைத் தொட்டுக் காட்டினார். "செய்த வருசம் இதில இருக்கு அம்மா. இது பதின்மூண்டு வருசம் பழசு. எங்க வைச்சிருந்தனீங்கள்?"

"நெல்லு அறையில. தகரக் கூரை. கிழமைக்குக் கிழமை எண்ணெய் போட்டுத் துடைச்சு வைச்சனான்."

பரிசோதகர் வெட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பாவிக்காட்டியும் றப்பர் பழசாகும் அம்மா. சூடு பட்டால் இன்னும் கெதியாச் சாகும். எண்ணெயும் கூடாது. வெட்டு எவ்வளவு ஆழமா இருந்தென்ன, றப்பர் மெத்தெண்டு இருந்தால்தான் ஈர றோட்டைப் பிடிக்கும். இது மரக்கட்டை."

கிருசாந்தன் நிமிர்ந்தான். "அப்ப சேர், என்ர பழைய டயரோட போயிருந்தால்?"

"அதுவும் சறுக்கும். ஆனால் தம்பி, அதோட மெல்லத்தான் போறனானெண்டு நீரெல்லோ சொன்னனீர்."

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். மனம் ஒத்துக்கொள்ளவே இல்லை. இத்தனை வருசம் பூப்போலப் பார்த்த சாமான், அன்போடு கொடுத்த சாமான், அதுவா பிள்ளையின் கால் விரல்களை எடுத்தது? மொட்டை டயருக்குப் பயந்து ஊர்ந்தவன் இந்த டயரை நம்பியல்லவா ஓடினான்? அக்கா அழவில்லை. டயரின் வெடிப்புக்குள் விரலை வைத்தபடி அப்படியே குந்தி இருந்தார். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன்.

பரிசோதகர் சொன்னது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். நானென்றால் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டேன். ஊர் கும்பிடுகிறது, கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்திருப்பேன். அக்காவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். நாலைந்து நாள் அப்படித்தான் இருந்தார். யார் வந்து புகழ்ந்தாலும் குசினிக்குள் போய்விடுவார்.

பிறகு தனுஷாவைப் பார்க்க ஆசுபத்திரிக்குப் போனோம். பிள்ளை கால் கட்டோடு நித்திரை. வீரையா எங்களைக் கண்டதும் எழுந்து வந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மூணு வெரலோட போச்சும்மா. நீங்க அந்த டயரைக் குடுக்காட்டி எம் புள்ள வாய்க்கால்லயே போயிருக்கும். எங்க சாமி நீங்க."

அக்கா கையை இழுக்கப் பார்த்தார். அவர் விடவில்லை.

"எனக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. என் மோட்டார் சைக்கிள் டயரும் தேஞ்சு கெடக்கு. இவ பொறந்த வருஷம் ஒரு புது டயர் வாங்கி, அடுப்படிக்கு மேல பரண்ல வச்சிருக்கேன். தொட்டதே இல்ல. நாளைக்குப் புள்ளயக் கூட்டிட்டுப் போலாம்னு டொக்டர் சொல்லிட்டாரு. இன்னைக்கே அதை மாட்டிட்டு, அதுலதான் ஏத்திட்டுப் போவேன்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டவும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"வீரையா, அந்த டயரைப் போடாதேங்கோ."

"ஏம்மா?"

"அது பழசு. நான் குடுத்ததும் பழசு. அந்த டயராலதான் வான் நிக்கேல்லை. பரிசோதகர் எனக்கு முன்னால சொன்னவர்."

வீரையாவுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். "புது டயர்தானேம்மா. நானும் பாத்தேனே."

"பாவிக்காததெண்டு நினைச்சன். புதுசில்லை. பதின்மூண்டு வருசம். உள்ளுக்குள்ள வெடிச்சுக் கிடந்தது. தெரியாமல்தான் குடுத்தன். ஆனால் குடுத்தது நான்."

அவருடைய கைகள் அக்காவின் கையிலிருந்து கழன்றன. கட்டிலில் கிடந்த மகளின் காலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"இதை ஏம்மா எங்கிட்டச் சொன்னீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"சொல்லாட்டி அந்தப் பரணில கிடக்கிறதைப் போட்டிடுவியள்."

வீரையா வாசலடிக்குப் போய்ச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மனைவியைக் கூப்பிட்டார். எங்களுக்கு அவர் பேசியது மட்டும்தான் கேட்டது.

"அடுப்படி மேல டயர் இருக்கில்ல, அதை எறக்கு. கோடாலிய எடுத்து வெட்டிப் போடு... ஆமா, வெட்டு... புதுசா இருந்தா என்ன, ஏன்னு கேக்காத. இப்பவே வெட்டு."

போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி அப்படியே நின்றார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வா, போவம்" என்றார். "வெட்டச் சொல்லிப்போட்டார். அது போதும்."